19 அடி ஃபைபர் படகு: டிசம்பருக்குள் கடலுக்கு இறக்க எதை முதலில் தொடுவது?

பாயான்_தூண்டில்

வணக்கம் அண்ணன்களே. படகு 19 அடி ஃபைபர், நடுவில் கன்சோல், யமஹா 90 ஃபோர் ஸ்ட்ரோக். ஆகஸ்டிலிருந்து டிரெய்லரில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பினாங்கின் பூலாவ் கெண்டி தீவுப் பக்கம் தெங்கிரிக்கு (வஞ்சிரம்) டிரோலிங், அதாவது ஓடும் படகில் தூண்டில் இழுப்பது; ஏப்ரலுக்கு மேல் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள கோலா ரொம்பினுக்கு இழுத்துப் போய் லாயாரான் (மயில்மீன்) என்று திட்டம்.

கண்ணுக்குத் தெரிகிற கோளாறுகள்: டெல்டேலில் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் துளை) தண்ணீர் நூல் மாதிரி மெலிசாக வருகிறது. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்ததில் தே தாரிக் (பால் டீ) நிறம். பழைய சோனார் டிரான்ஸ்டியூசரின் (மீன் தேட ஒலி அனுப்பும் உணரி) ஸ்குரூக்களுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் வடிந்த தடம். பேட்டரி பழசு.

9 அங்குல புது சோனார், நாலு ராட் ஹோல்டர், ஒரு லைவ்வெல் (மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) பம்ப் வாங்கப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஃபைபர்_பட்டறை

தம்பி, சோனார் இப்போதைக்குக் கடையிலேயே இருக்கட்டும். நீங்க சொன்னதுல பெரிய செலவு அந்தப் பழுப்புத் தடத்துலதான் இருக்கு. ஸ்குரூ ஓட்டை வழியா பழுப்புத் தண்ணி வடியுதுன்னா டிரான்ஸமுக்கு (இன்ஜின் மாட்டுற பின்சுவர்) உள்ளே இருக்கிற பிளைவுட் நனைஞ்சிருக்கு. 90 குதிரைசக்தி இன்ஜினோட மொத்தப் பாரமும் உந்துதலும் அந்தப் பலகை மேலதான்.

முதல்ல சுத்தியல் கைப்பிடியால டிரான்ஸம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில தட்டிப் பாருங்க. நல்ல இடம் 'டக்'குன்னு கூர்மையா சத்தம் தரும், ஊறின இடம் மந்தமா 'தொப்'புன்னு வரும். அடுத்து இன்ஜினைப் பாதி தூக்கி வச்சு, கீழ்ப்பகுதியை ஒருத்தர் கையால மேலும் கீழும் அழுத்தணும். இன்னொருத்தர் மேல் விளிம்புல கண்ணை வச்சுப் பார்க்கணும். பலகை வளையறது தெரிஞ்சாலோ, பிராக்கெட் ஓரத்துல ஜெல்கோட் (ஃபைபர் மேல் பூச்சு) மயிரிழையா வெடிச்சிருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

கடைசிச் சோதனை ட்ரில். உள்பக்கத்திலிருந்து 5 மில்லிமீட்டர் ட்ரில்லால, கீழ்மட்டத்துல மூணு இடம், நடுவுல ரெண்டு இடம். வெளித்தோலைத் துளைச்சிடாதீங்க, ட்ரில்லுல டேப் சுத்தி ஆழத்தைக் குறிச்சுக்கங்க. வர்ற தூள் வெளுப்பா, காய்ஞ்சு உதிர்ந்தா தப்பிச்சீங்க. கறுப்பா, ஈரமா, புளிச்ச வாடையோட ட்ரில்லுல ஒட்டிக்கிட்டு வந்தா பலகை போயிடுச்சு. ஓட்டைகளை எப்போக்சியால அடைச்சிடலாம், அதுக்குப் பயந்து சோதனையைத் தவிர்க்காதீங்க.

போர்மேன்_பிறை

இன்ஜின் பக்கம் நான் சொல்கிறேன். கியர் ஆயில் அந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் துருப்பிடித்து, பல் தேய்ந்து, லோயர் யூனிட்டே (இன்ஜினின் கீழ்க் கியர்ப் பகுதி) மாற்ற வேண்டிவரும்.

காரணத்தை மலிவானதிலிருந்து தேடுங்கள். முதலில் கீழ்ப் போல்ட், மேல் போல்ட் இரண்டின் கேஸ்கெட். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் இவற்றைப் புதிதாகப் போட வேண்டும். பழசையே திருப்பிப் போடுவதால் வருகிற கசிவு நிறைய. இரண்டாவது, புரொப்பெல்லரைக் கழற்றி ஷாஃப்டில் தாங்சி (தூண்டில் நூல்) சுற்றியிருக்கிறதா பாருங்கள். பிரெய்ட் நூல் சுழன்று சுழன்று சீலின் உதட்டை அறுத்துவிடும். நூல் கிடைத்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான், இரண்டு சீலையும் ஜோடியாக மாற்றுங்கள். மூன்றாவது டிரைவ் ஷாஃப்ட் சீலும் ஷிஃப்ட் ராட் சீலும்.

எது என்று தெரியாவிட்டால் ஆயிலை முழுக்க இறக்கி, மேல் துளையில் கைப்பம்பும் கேஜும் மாட்டி சுமார் 10 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்து எங்கே குமிழ் வருகிறது என்று பாருங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும். சில சீல்கள் நிற்கும்போது பிடிக்கும், சுழலும்போது விடும்.

ஆயில் நிரப்புவது கீழிருந்து மேலே. இன்ஜினை நேராக நிறுத்தி, பம்பைக் கீழ்த் துளையில் மாட்டி, மேல் துளையில் குமிழ் இல்லாமல் ஆயில் வழியும்வரை ஏற்றுங்கள். முதலில் மேல் போல்டை மூட வேண்டும், பிறகு பம்பைக் கழற்றிச் சட்டென்று கீழ்ப் போல்ட். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொண்டு ஆயில் குறையும். புது ஆயில் போட்டு அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பழைய ஈரம் கொஞ்சம் கலங்கலாகக் காட்டும். இரண்டாம் முறையும் அதே நிறம் என்றால் கசிவு நிற்கவில்லை.

டெல்டேலுக்கு வருவோம். பம்பைக் குறை சொல்லுமுன் 80 பவுண்டு மோனோ தாங்சியை வெளித்துளையில் விட்டுக் குத்துங்கள். உப்பும் சேறும் அடைத்திருந்தால் அப்போதே பீய்ச்சும். அதற்குப் பிறகும் நூலாகத்தான் வருகிறது என்றால் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரம். பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடுகிற தண்ணீரில் சேறு அதிகம். பம்பின் உள்சுவரை அது அரத்தால் ராவுகிற மாதிரி கோடு போட்டுவிடும். அதனால் இம்பெல்லர் ரப்பரை மட்டும் வாங்காதீர்கள், கப்பும் அடித்தட்டும் கேஸ்கெட்டும் சேர்ந்த முழு கிட் வாங்குங்கள்.

பாயான்_தூண்டில்

மிக்க நன்றி அண்ணே. இம்பெல்லரை நானே மாற்றலாமா? எங்கே தவறு நடக்கும்?

போர்மேன்_பிறை

மாற்றலாம். கழற்றுமுன் கியரை நியூட்ரலில் வையுங்கள், மாட்டும்போதும் அதே நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷிஃப்ட் ராட் சேராது, சேர்ந்தாலும் ரிவர்ஸ் விழாது.

பழைய இம்பெல்லரில் இறக்கை எதுவும் உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். மேலே குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ போய் உட்கார்ந்திருக்கும். புது பம்ப் போட்டும் இன்ஜின் சூடாகிறது என்று வருகிற படகுகளில் பல இந்தக் கதைதான்.

புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவி, டிரைவ் ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பியபடி கப்பை இறக்குங்கள். இறக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் மடியும். ஷாஃப்டிலிருக்கும் சின்னச் சாவித்துண்டு கீழே விழாமல் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். ஷாஃப்டின் பல்வரிக்குப் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ். உச்சியில் அப்பினால் கிரீஸ் மேலே அடைபட்டு லோயர் யூனிட் முழுதாக ஏறி உட்காராது. கை வைத்து ஏற்றும்போது கடைசி அரை அங்குலம் தானாக மூட வேண்டும். போல்டை முறுக்கி இழுத்து மூடாதீர்கள், தண்ணீர்க் குழாய் சரியாக நுழையாமல் நசுங்கும்.

தண்ணீர் இல்லாமல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யக்கூடாது. இன்ஜின் காலின் தண்ணீர்த் துளைகளைக் கவ்வும் ஹோஸ் மூடியை (இயர்மஃப்) மாட்டி, தண்ணீர் திறந்த பிறகுதான் சாவி. பக்கவாட்டில் இருக்கிற ஹோஸ் இணைப்பு வழியாகக் கழுவுவதென்றால் யமஹாவில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான். அந்த வழியில் வருகிற தண்ணீர் இம்பெல்லருக்கு முறையாகப் போகாது.

பாயான்_தூண்டில்

ட்ரில் போட்டுப் பார்த்தாயிற்று. இடப்பக்கம் மூன்று ஓட்டையும் காய்ந்த தூள். வலப்பக்கம், டிரான்ஸ்டியூசருக்கு மேலே இரண்டு ஓட்டையில் கறுப்பு ஈரம், வாடையும் இருக்கிறது. நடுவில் சற்றே ஈரம்.

கிள்ளான்_கரை

சின்ன இடம்தானே புரோ. வரிசையா ஓட்டை போட்டு, நல்லாக் காய வச்சு, எப்போக்சியை ஊசியில ஏத்தினா போதாதா? நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க.

ஃபைபர்_பட்டறை

கன்சோல் மூடிக்கோ தரைப் பலகைக்கோ அது போதும். டிரான்ஸமுக்குப் போதாது. ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல அடைபட்ட பிளைவுட், நம்ம ஊர்க் காத்து ஈரத்துல, சின்ன ஓட்டை வழியா காயவே காயாது. வெளியில காய்ஞ்ச மாதிரி காட்டும். ஈர மரத்துல எப்போக்சி ஊறாது, ஓட்டையைச் சுத்திக் குச்சி குச்சியா இறுகிக்கும், நடுவுல அழுகல் அப்படியே ஓடும்.

செய்ய வேண்டியது இது. இன்ஜினை இறக்குங்க. உள்தோலை, ஓரத்துல 5 சென்டிமீட்டர் விளிம்பு விட்டு, கிரைண்டரால வெட்டி எடுங்க. வெளித்தோலைத் தொட வேண்டாம், படகோட வடிவம் அதுலதான் இருக்கு. வெட்டினதும் ஈரம் எங்கே வரைக்கும் போயிருக்குன்னு கண்ணால தெரியும். நல்ல மரம் வந்த பிறகும் இன்னும் 10 சென்டிமீட்டர் தள்ளி வெட்டணும். நடுவுல ஈரம் காட்டுறதால உங்க படகுக்கு முழுப் பலகையையே மாத்திடறது நல்லது. பாதிப் பலகை போட்டா, இணைப்பு சரியா இன்ஜின் போல்ட்டுக்கு நேரா வந்து நிக்கும்.

புதுப் பலகை மரைன் பிளைவுட் 18 மில்லிமீட்டர் ரெண்டு அடுக்கு. பழைய கனத்தை அளந்து அதுக்குச் சரியாப் போடுங்க, இன்ஜின் பிராக்கெட் அந்தக் கனத்துக்குத்தான் உட்காரும். எல்லா வெட்டு விளிம்பும், குறிப்பா கீழ் விளிம்பு, முதல்ல எப்போக்சி குடிக்கணும். ரெண்டு கை பூசி இறுக விட்டப்புறம்தான் ஒட்டுற வேலை. ஒட்டுறதுக்கு எப்போக்சியில சிலிக்காத் தூள் கலந்து வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்குக் கெட்டியாக்கி, பல்லுள்ள கரண்டியால பரப்பி, இன்ஜின் போல்ட் ஓட்டை வழியாகவே நீளப் போல்ட் போட்டு இழுத்துப் பிடிங்க. ஓரத்துல சுத்திலும் கசிஞ்சு வெளிய வந்தாத்தான் உள்ளே காத்துப் பை இல்லைன்னு அர்த்தம். ஆனா ரொம்ப முறுக்காதீங்க. பசை முழுக்க வெளிய போயிட்டா ஒட்ட ஒண்ணும் மிஞ்சாது.

இங்கதான் வெயில் வேலையைக் காட்டும். டப்பாவுல 20 நிமிஷம்னு எழுதியிருக்கிறது 25 டிகிரிக்கு. நம்ம ஊர் 33 டிகிரியில அது பாதி நேரத்துலயே சூடாகிப் புகைய ஆரம்பிக்கும். மெதுவா இறுகுற ஹார்டனர் கேட்டு வாங்குங்க. ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல கலக்காதீங்க, கலந்த உடனே அகலமான தட்டுல கொட்டிப் பரப்புங்க. குறுகின டப்பாவுலயே வச்சா தன் சூட்டுல தானே வெந்து போகும். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிக்கிற மாதிரி வச்சுக்கங்க. மழை வாடை அடிச்சா அன்னிக்கு வேண்டாம்.

மறுநாள் மேல வழவழன்னு மெழுகு மாதிரி ஒண்ணு படிஞ்சிருக்கும். அதைத் தேய்க்கிறதுக்கு முன்னால சுத்தத் தண்ணியும் ஸ்காட்ச் பிரைட்டும் வச்சுக் கழுவி எடுக்கணும். கழுவாம உப்புத்தாள் போட்டா மெழுகைத் தேய்ச்சு உள்ளே ஏத்திடுவீங்க, அடுத்த கோட் உரியும். அப்புறம் உள்தோலுக்குப் பதிலா பையாக்சியல் கண்ணாடித்துணி மூணு அடுக்கு, ஒண்ணைவிட ஒண்ணு 5 சென்டிமீட்டர் அகலமா, பக்கச்சுவர் மேல ஏறுற மாதிரி. மூலைகள்ல முதல்ல கெட்டி எப்போக்சியால வளைவு போட்டுடுங்க, துணி 90 டிகிரியில மடியாது, மடிச்ச இடத்துல காத்து நிக்கும்.

பாயான்_தூண்டில்

பாலியெஸ்டர் ரெசின் மலிவாக இருக்கிறதே?

ஃபைபர்_பட்டறை

புதுசா படகு வார்க்கிறதுக்கு அது சரி. பழைய தோல் மேல, மரத்து மேல ஒட்டுறதுக்கு அதோட பிடி குறைவு. இந்த ஒரு வேலைக்கு எப்போக்சிதான். எல்லாம் முடிஞ்சதும் எந்த ஓட்டை போட்டாலும், இன்ஜின் போல்ட் உட்பட, முதல்ல பெரிசா துளைச்சு, கெட்டி எப்போக்சியால அடைச்சு, இறுகினப்புறம் அதுக்கு நடுவுல சரியான அளவுல துளைங்க. அப்போ சீலன்ட் ஒரு நாள் விட்டுப்போனாலும் தண்ணி மரத்தைத் தொடாது. உங்க பழைய டிரான்ஸ்டியூசர் ஸ்குரூவுக்கு யாரோ இதைச் செய்யாம விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

சீலன்ட்டுக்கு த்ரீஎம் 4200. 5200 போட்டா பிறகு கழற்ற முடியாது, கழற்றினா ஜெல்கோட்டோட வரும். சிலிக்கான் படகுப் பக்கமே வர வேண்டாம், அது பட்ட இடத்துல பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, எப்போக்சியும் ஒட்டாது.

வயர்_வேலை

டிரான்ஸம் வேலை நடக்கும்போதே கரன்ட் வேலையையும் முடித்துவிடலாம், இன்ஜின் இறங்கியிருக்கும்போது கை நுழைய இடம் இருக்கும்.

சோனார் டிரான்ஸ்டியூசரை இனி நேராக டிரான்ஸமில் அறையாதீர்கள். கெட்டி பிளாஸ்டிக் பலகை ஒன்றை, வெட்டுப் பலகை தயாரிக்கிற அதே எச்.டி.பி.ஈ., இரண்டே ஸ்குரூவில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்டியூசர் அந்தப் பலகையில் ஏறட்டும். பிறகு எத்தனை முறை இடம் மாற்றினாலும் படகில் புது ஓட்டை வராது. புரொப்பெல்லர் கடிகாரச் சுற்று என்றால் வலப்பக்கம், புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 சென்டிமீட்டர் தள்ளி, அடிப்பகுதி ஃபைபர் படகுக்கு அடிமட்டத்தைவிட 3 மில்லிமீட்டர் கீழே. அடியிலிருக்கிற வரம்புக்கு நேர் பின்னால் வைத்தால் வேகத்தில் காற்றுக்குமிழ் வந்து திரை வெறுமையாகிவிடும். கேபிளை இன்ஜின் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம், திரையில் கோடுகோடாக வரும்.

பேட்டரியை இரவு முழுக்கச் சும்மா விட்டுக் காலையில் அளங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 காட்ட வேண்டும். சோனார், லைவ்வெல் பம்ப், ரேடியோ எல்லாவற்றுக்கும் தனி பேட்டரி வையுங்கள். ஒரே பேட்டரியில் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது சோனார் அணைந்து எழும், நாள் முழுக்க லைவ்வெல் ஓடிய பிறகு இன்ஜினே எழாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் பக்கம் திருப்பவே கூடாது, சார்ஜிங் டயோடு கருகிவிடும்.

பில்ஜ் (படகின் அடிக்குழி) பம்பின் ஃப்ளோட் லைன் மட்டும் சுவிட்சுக்கு வெளியே, ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குப் போக வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அது ஓடணும். பெட்டியில் மணிக்கு 1,100 கேலன் என்று போட்டிருப்பது தண்ணீரை மேலே தூக்காத கணக்கு. ஒரு மீட்டர் தூக்கி, வளையம் வளையமான ஹோஸில் தள்ளினால் நிறையவே குறையும். உட்புறம் வழவழப்பான ஹோஸ் வாங்குங்கள்.

வெள்ளீயம் பூசிய மரைன் வயர் மட்டும். கார் வயரின் வெறும் தாமிரத்தை உப்புக்காற்று உறைக்குள்ளேயே பச்சையாக்கி அடி அடியாகத் தின்றுகொண்டு போகும். இணைப்புகள் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, பசை இரண்டு முனையிலும் பிதுங்கும்வரை சூடு காட்டுங்கள். கறுப்பு டேப் வெயிலில் ஒரே பருவத்தில் உரியும்.

வி.எச்.எஃப். ரேடியோ இல்லையென்றால் சோனாரை 7 அங்குலமாகக் குறைத்து அந்தப் பணத்தில் ரேடியோ வாங்குங்கள். அவசர அழைப்புக்குச் சேனல் 16, முழு 25 வாட்டில். கெண்டிக்கு வெளியே போனால் போன் சிக்னலை நம்ப முடியாது. ஆன்டெனா கேபிளின் முனை பிளக்கில் ஈரம் ஏறினால் கேட்கும், ஆனால் பேசுவது போகாது. அதைப் பாருங்கள்.

பத்துமாவுங்_ஜெட்டி

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகு, எண்டுரோ 40 டூ ஸ்ட்ரோக். அடியில் தெரித்திப் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிர்) ஏறிவிடுகிறது. தாமிரப் பெயின்ட் அடித்தால் இன்ஜின் கெடும் என்கிறார்களே?

போர்மேன்_பிறை

ஃபைபர் அடிக்குத் தாமிரப் பெயின்ட் அடிக்கலாம். அலுமினியம் பட்ட இடத்தில்தான் ஆபத்து. இன்ஜின் பிராக்கெட்டைச் சுற்றி 3 சென்டிமீட்டர் பெயின்ட் இல்லாமல் விடுங்கள், இன்ஜின் காலில் அடிக்கவே வேண்டாம். அனோடு (இன்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும் கட்டி) மேல் எந்தப் பெயின்ட்டும் படக்கூடாது, பட்டால் அது வேலை செய்யாது. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு பருவம் முழுக்க கரையாமல் புதுசாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உலோகத் தொடர்பு விட்டிருக்கிறது. கழற்றி அடியைச் சுரண்டி மாட்டுங்கள். நிறுத்தும்போது இன்ஜினை முழுக்கத் தூக்கி வையுங்கள். ஆயில் கலவை கையேட்டில் 50:1 என்றிருந்தால் 25 லிட்டர் பெட்ரோலுக்கு 500 மில்லி, டி.சி. டபிள்யூ 3 ரகம். மோட்டார்சைக்கிள் டூடி ஆயில் வேண்டாம்.

கிள்ளான்_கரை

ரொம்பின் போறவங்களுக்கு டிரெய்லர் பத்தி நான் சொல்றேன். பினாங்கிலிருந்து தீபகற்பத்தையே குறுக்கே கடக்கணும், பேரிங் பாதி வழியில போனா படகு நெடுஞ்சாலை ஓரத்துலதான் நிக்கும். சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்கி, மேல கீழ ஆட்டிப் பாருங்க. ஆட்டமோ கரகர சத்தமோ இருந்தா கழற்றி மரைன் கிரீஸ் புதுசா. கிரீஸ் கலங்கி இருந்தா சீலும் மாத்தணும்.

தூரத்திலிருந்து வந்த உடனே சூடான ஹப்பைத் தண்ணியில இறக்காதீங்க. உள்ளே காத்து சட்டுனு சுருங்கி சீல் வழியா உப்புத்தண்ணியை உறிஞ்சிடும். ஸ்லிப்வேக்கு (படகு இறக்குற சரிவு) மேல சாமான் ஏத்திக்கிட்டே அரை மணி ஆற விடுங்க, லைட் பிளக்கையும் கழற்றிடுங்க. டயர் பட்டன் நல்லா இருந்தாலும் பக்கத்துல இருக்கிற நாலு எண்ணைப் பாருங்க. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தேயறதுக்கு முன்னால நின்னே வெடிக்கும்.

பாயான்_தூண்டில்

ராட் ஹோல்டரும் லைவ்வெல்லும்? பழைய பெட்ரோல் அப்படியே டேங்கில் இருக்கிறது, அதுவும் கேட்க வேண்டியது.

ஃபைபர்_பட்டறை

ராட் ஹோல்டருக்கு அடியில கட்டாயம் பின்தட்டு வேணும், 6 மில்லிமீட்டர் அலுமினியமோ எச்.டி.பி.ஈ.-யோ. வெறும் வாஷர்ல நின்னா, ரீல் டிராக்கை (நூல் பிடியை) இறுக்கி வச்ச நேரத்துல பெரிய தெங்கிரி இழுத்ததும் ஃபைபர் விளிம்பு பிளந்துடும். போல்ட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ், 304 நம்ம கடல்ல துருத்தடம் விடும். துளைக்கிறதுக்கு முன்னால உள்ளே கை விட்டுப் பாருங்க, ஓரத்துக்கு அடியில பெட்ரோல் ஹோஸ் ஓடும்.

லைவ்வெல்லுக்கு அடியில ஓட்டை போட்டா வால்வு இல்லாம விடக்கூடாது, ஹோஸுக்கு ரெண்டு கிளாம்ப்.

போர்மேன்_பிறை

ஆகஸ்ட் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் பிரிந்தாலோ, நிறம் கறுத்து வார்னிஷ் வாடை வந்தாலோ முழுக்க இறக்கிவிடுங்கள். 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, கேஸ்கெட் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பிரைமர் பல்பு பிசைந்ததும் கல்லாக நிற்க வேண்டும். ஓடும்போது சப்பிப்போனால் டேங்கின் காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற படகில் அடிக்கடி கிடைப்பது.

கடலில் முதல் ஓட்டத்துக்கு நீர் ஏற்றம் பார்த்துப் போங்கள், பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் நீர் இறங்கினால் ஸ்லிப்வே முனை சேறு. இறக்கியதும் டிரெய்லரை உடனே எடுத்துவிடாமல், பட்டை கொக்கி மாட்டிய நிலையிலேயே பத்து நிமிடம் பில்ஜைப் பாருங்கள். பிறகு வழக்கமான பாரத்தோடு, ஆள், ஐஸ், பெட்ரோல் எல்லாம் ஏற்றி, முழு திராட்டில் ஆர்.பி.எம். எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஜினுக்கு 5,000-க்கும் 6,000-க்கும் நடுவில், மேல்பாதியில் வர வேண்டும். 4,800-இலேயே நின்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 வரை ஏறும், அந்தக் கணக்கில் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் கேளுங்கள். ஆர்.பி.எம். சட்டென்று ஏறி, படகு மட்டும் நகராமல் நின்றால் அது பிட்ச் அல்ல, நடுவிலுள்ள ரப்பர் ஹப் சுழல்கிறது. புரொப்பெல்லரிலும் ஹப்பிலும் சேர்த்து ஒரே கோடாக மார்க்கர் போட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.